ஃபீல்டை மட்டும் பூட்டினால் போதாது

வணக்கம் மக்களே. ஸ்கிரீனில் ஒரு சின்ன ஜாவா கிளாஸ் இருக்கிறது, பாருங்கள். பெயர் ‘புள்ளி’. உள்ளே எக்ஸ், ஒய் என்று இரண்டு ஃபீல்டு, இரண்டுமே பிரைவேட் ஃபைனல், அதாவது வெளியிலிருந்து தொட முடியாது, ஒருமுறை வைத்த மதிப்பு மாறாது. மதிப்பை மாற்றும் செட்டர் மெத்தடும் கிடையாது. இது இம்யூட்டபிளா, அதாவது உருவாக்கிய பிறகு மாற்றவே முடியாததா? பலரும் ஆமாம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கீழே ‘நகரும்புள்ளி’ என்று இன்னொரு கிளாஸ், புள்ளியை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது அதன் வாரிசாக வருகிறது. மாற்றக்கூடிய ஒரு எக்ஸைத் தனியாக வைத்துக்கொண்டு, எக்ஸின் மதிப்பைத் தரும் கெட்எக்ஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதாவது தன் வசதிக்கு மாற்றி எழுதி, அதைத் தருகிறது. புள்ளியின் ஹாஷ்கோடோ, அதாவது ஆப்ஜெக்டை எங்கே வைப்பது, எங்கே தேடுவது என்று சொல்லும் எண், கெட்எக்ஸைக் கூப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. சரி, நகரும்புள்ளி ஆப்ஜெக்ட் ஒன்றை, ஹாஷ்கோடை வைத்துத் தேடும் தொகுப்பான ஹாஷ்செட்டில் போடுகிறேன். எக்ஸை மாற்றுகிறேன். இப்போது உள்ளே இருக்கிறதா என்று கன்டெயின்ஸ் கேட்டால்... ஃபால்ஸ்! ஆப்ஜெக்ட் உள்ளேதான் இருக்கிறது, தேடினால் சிக்கவில்லை. புள்ளி கிளாஸில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைத் தடுக்க, புள்ளி கிளாஸுக்கு முன்னாலும் ஃபைனல் என்று போடுகிறேன்; அப்படிப் போட்டால் அதை யாரும் எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது. அவ்வளவுதான், நகரும்புள்ளி கம்பைலே ஆகாது. கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கிவிட்டு, ஸ்டேடிக் மெத்தட் வழியாக ஆப்ஜெக்ட் கொடுப்பதும் இன்னொரு வழி.

ஜாவாவின் ஸ்ட்ரிங் ஆரம்பத்திலிருந்தே ஃபைனல் கிளாஸ். மிகப்பெரிய முழு எண்களுக்கான பிக்இன்டிஜர் கிளாஸ் அப்படி இல்லை. இம்யூட்டபிள் என்று பெயர், ஆனால் யார் வேண்டுமானாலும் எக்ஸ்டெண்ட் செய்யலாம். இப்போது ஃபைனல் ஆக்கினால், ஏற்கெனவே எக்ஸ்டெண்ட் செய்து எழுதிய கோடெல்லாம் உடையும். அதனால் நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து பிக்இன்டிஜர் வந்தால், அது அசல் கிளாஸ்தானா என்று பார்த்து, இல்லையென்றால் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு சொல் விட்டுப்போனதற்கு இவ்வளவு வேலை!

கோட்லின் மொழி இதைத் தலைகீழாகச் செய்தது. எல்லா கிளாஸும் ஃபைனல், திறக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் ஓப்பன் என்று எழுத வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் முறை. “டெஸ்டில் மாக் செய்ய, அதாவது அசலுக்குப் பதில் போலி ஆப்ஜெக்டை வைக்க முடியாதே” என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். புள்ளி மாதிரி வெறும் மதிப்பை வைத்திருக்கும் கிளாஸை எதற்கு மாக் செய்ய வேண்டும்? நேராக ஒன்றை நியூ போட்டு உருவாக்கிக்கொள்ளுங்களேன்.

அப்புறம், 2021இல் ஜாவா 16உடன் ரெக்கார்டு, அதாவது மதிப்புகளை வைத்திருப்பதற்கென்றே உள்ள கிளாஸ் வகை, முழுமையாக வந்துவிட்டது. அது தானாகவே ஃபைனல். ஆனால் உள்ளே ஒரு லிஸ்ட் வைத்தால், அந்த லிஸ்டில் வெளியிலிருந்து ஆட் செய்ய முடியும். அதனால் கன்ஸ்ட்ரக்டரிலேயே, மாற்ற முடியாத காப்பியைத் தரும் லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டுவிடுங்கள்.