காதால் பார்க்கும் கூடைப்பந்து: ஹாட் ராட் ஹண்ட்லியின் வர்ணனை

(காட்சி: மாலை வெளிச்சம், பள்ளியொன்றின் சிமெண்ட் ஆடுகளம்)

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில், ஒரு பள்ளியின் கூடைப்பந்து ஆடுகளத்தின் ஓரத்திலிருந்து பேசுகிறேன். திரையில் ஓடும் இந்த ஆட்டத்தைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு மனத்தில் விரித்துக்கொள்ளச் செய்வது எப்படி என்பதை, அதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரை வைத்து விளக்க விரும்புகிறேன்.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளை ஆட்டப் படங்கள்)

அவர் அமெரிக்காவின் ராட் ஹண்ட்லி. ‘ஹாட் ராட்’ என்பது செல்லப் பெயர். 1957இல் என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாக அழைக்கப்பட்டு, லேக்கர்ஸ் அணிக்கு ஆறு பருவங்கள் ஆடியவர். 1974இல் நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் அணி பிறந்தபோது அதன் வர்ணனையாளரானார். 1979இல் அணி யூட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது உடன் சென்று, 2009 வரை மூவாயிரத்துக்கும் அதிகமான ஆட்டங்களை வர்ணித்தார்.

நம் வீடுகளில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே, களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று சொல்ல அவகாசம் இருந்தது. கூடைப்பந்தில் அது கிடையாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓட, 24 வினாடிக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி.

(காட்சி: இரு மாணவர்கள் மெதுவாகச் செய்து காட்டுகிறார்கள்)

இதைக் கவனியுங்கள். ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். அவரை மறிப்பவரின் பக்கத்தில் உயரமான சக வீரர் வந்து தூண்போல நின்று கொள்கிறார். மறிப்பவர் அந்தத் தூணில் முட்டித் தடுமாறும் நொடியில், தூணாக நின்றவர் திரும்பி வளையத்தை நோக்கி ஓட, பந்து அவர் கைக்குப் போய்விடுகிறது. இது ‘பிக் அண்ட் ரோல்’. ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் ஜாஸ் அணியில் 18 பருவங்கள் இதையே சலிக்காமல் ஆடினார்கள். சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பது ‘அசிஸ்ட்’; ஸ்டாக்டனின் அசிஸ்ட் கணக்கு 15,806.

ஹண்ட்லி இதற்குச் சொன்னது “ஸ்டாக்டன் டு மலோன்”, அவ்வளவுதான். வினைச்சொல்லே இல்லை. பந்து போன வரிசையிலேயே பெயர்களும் போகின்றன. பார்வையாளரின் கண் பந்தின் பின்னால் ஓடும். ஆடிப் பழகியவரின் கண்ணோ பந்தில்லாத ஆளின் கால்களைப் பார்க்கும். அதனால்தான் பந்து கைமாறும்போதே ஹண்ட்லியின் வாயிலும் சொல் தயாராக இருந்தது என்று நினைக்கிறேன்.

தமிழில் இது இன்னும் முக்கியம். “குமார் எறிந்த பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுந்தது” என்று முடிப்பதற்குள் எதிரணி பந்தோடு பாதிக் களத்தைத் தாண்டிவிடும். “குமாரிடமிருந்து செல்வத்துக்கு... விழுந்தது!” என்றால் குரலும் பந்தும் சேர்ந்தே ஓடும்.

போன வாரம் நான் பதிவு செய்த வர்ணனையை, வானொலி கேட்டே பழகிய பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஸ்கோர் எவ்வளவு தம்பி?” என்றார். பத்து நிமிடத்தில் அதை இரண்டே முறைதான் சொல்லியிருந்தேன். ஆகவே, இன்று ஒவ்வொரு கூடைக்கும் பிறகு புள்ளிக் கணக்கைச் சொல்லி மீண்டும் பதிவு செய்திருக்கிறேன்.

(காட்சி: திரை இருளாகிறது)

கடைசி இரண்டு நிமிட ஆட்டம் இது. படம் வராது; கேளுங்கள்.