வைஃபை அலையில் போன் சார்ஜ் ஆகுமா?

[திரையில்: பலகை மேல் கம்பிச் சுருள், ஒரு கருஞ்சாம்பல் கல், ஹெட்போன்]

இதில் பேட்டரியைத் தேடாதீர்கள், கிடையாது. இது கிரிஸ்டல் ரேடியோ. நீளமான ஆன்டெனா கம்பியை மாட்டி, கலீனா என்ற இந்தக் கல் மேல் ஊசிமுனையை மெல்ல நகர்த்தினால், ஏதோ ஓரிடத்தில் மீடியம் வேவ் நிலையம் காதில் விழும். அந்த ஒலிக்கான மின்சாரம் முழுக்க நிலையத்தின் அலையிலிருந்தே வருகிறது. கலீனாவால் அலையைப் பிடிக்கும் முறைக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

சரி, அப்படியானால் வைஃபை அலையில் போனை சார்ஜ் செய்யலாமே? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: ரூட்டர், 5 மீட்டர் தள்ளி ஆன்டெனா]

ரூட்டர் 100 மில்லிவாட்டை எல்லாத் திசையிலும் சமமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் போவதற்குள் அது 300 சதுர மீட்டருக்கு மேல் பரந்துவிடும். விரல் நீள ஆன்டெனா அதில் வாரிக்கொள்வது 20 சதுர சென்டிமீட்டர் அளவுதான். கைக்கு வருவது 0.6 மைக்ரோவாட். துளி வீணாகாமல் சேமித்தாலும் 15 வாட்-மணி பேட்டரி நிரம்ப 2,800 ஆண்டுகள் ஆகும், அதுவும் ரூட்டர் ஓயாமல் அலை அனுப்பினால். செம்புச் சுருளை வைத்து பல்பு எரிய வைக்கும் வீடியோவைப் பார்த்தால், மேசைக்கு அடியிலும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

அளவைவிடப் பெரிய தலைவலி டயோடு. ஆன்டெனாவில் மின்னோட்டம் நொடிக்கு 240 கோடி முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரே திசையில் ஓடினால்தான் சேமிக்கலாம். அதற்கான ஒருவழிக் கதவுதான் டயோடு. சாதாரண சிலிக்கான் டயோடு நன்றாகத் திறக்க 0.6 வோல்ட்டாவது வேண்டும். நம்மிடம் இருப்பதோ, 50 ஓம் ஆன்டெனாவில், ஐந்தாறு மில்லிவோல்ட். எறும்பு கோட்டைக் கதவைத் தள்ளுகிற கதை! அதனால் லேசாகத் திறக்கும் ஷாட்கி டயோடைப் போடுகிறார்கள்; அதற்கு முன்னால் வோல்டேஜைத் தூக்கிவிட ஒரு சுருளும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரும். இத்தனைக்கும் பிறகு பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிய விஷயம்.

ஆன்டெனாவும் டயோடும் சேர்ந்த இந்த அமைப்புக்கு ரெக்டென்னா என்று பெயர். 1964-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பிரவுன் இதை வைத்து ஒரு குட்டி ஹெலிகாப்டரையே பறக்கவிட்டார். ஆனால் அது தரையிலிருந்து அதன் மேலேயே குறிவைத்துப் பாய்ச்சிய மைக்ரோவேவ். சிதறிக் கிடப்பதைப் பொறுக்குவது வேறு வேலை.

[திரையில்: கெப்பாசிட்டரின் வோல்டேஜ் மெல்ல ஏறுகிறது]

மிஞ்சிய 0.06 மைக்ரோவாட்டை என்ன செய்வது? கெப்பாசிட்டரில் சேர்க்கலாம். ஒரு வெப்பநிலை சென்சார் விழித்து, அளந்து, செய்தி அனுப்ப 100 மைக்ரோஜூல் போதும் என்றால், ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு செய்தி. கெப்பாசிட்டர் கசியக் கூடாது. தூங்கும் சிப் ஏறக்குறைய எதையுமே குடிக்கக் கூடாது. அறையில் விளக்கு எரிகிறதென்றால், என்னைக் கேட்டால், சின்ன சோலார் செல்லே மேல்.

அப்புறம் ஒன்று. செய்தி அனுப்புவதுதானே செலவு? 2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதையே தவிர்த்தார்கள். கண்ணாடிச் சில்லால் வெயிலை மினுக்குவதுபோல, வந்துகொண்டிருக்கும் டிவி அலையையே திருப்பியும் திருப்பாமலும் விட்டு, இரண்டு கருவிகள் பேட்டரியே இல்லாமல் பேசிக்கொண்டன.