அப்பாச்சியும் நாலாயிரம் 'ஏ'வும்

வணக்கம் மக்களே! நம் பழைய லேப்டாப்பில் ஒருவழியாக அப்பாச்சி 2.4.48 (வெப்சைட்டுகளைப் பரிமாறும் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்பு) ஓடிவிட்டது. "புதுசு இருக்கும்போது இது எதுக்கு ப்ரோ" என்று போன வீடியோவில் கேட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

எஸ்எஸ்ஆர்எஃப் தெரியும்தானே? நம்மால் நுழைய முடியாத இடத்துக்கு, உள்ளே இருக்கிற சர்வரையே போய்வர வைப்பது. ஃபயர்வால் நம்மைத் தடுக்கும், சொந்த சர்வரைத் தடுக்காது. பொதுவாக ஏதாவது வெப் ஆப்பில்தான் இந்த ஓட்டை இருக்கும். சிவிஇ-2021-40438 (ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண் இது) அப்படி இல்லை. வரும் கோரிக்கையைப் பின்னால் இருக்கும் சர்வருக்குக் கடத்திவிடும் அப்பாச்சியின் மாட் ப்ராக்ஸியிலேயே இருந்தது! அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

மாட் ப்ராக்ஸி, யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் இருக்கும் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி, ஃபைல் மாதிரி அதற்கும் பாதை உண்டு) வழியாகவும் பின்னால் இருக்கும் சர்வரோடு பேசும். அதற்கு 'யூனிக்ஸ்:' என்று போட்டு, சாக்கெட்டின் பாதை, ஒரு பைப் குறி (|), அப்புறம் முகவரி. இதை அட்மின்தான் கான்ஃபிக்கில் எழுத வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை, யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பிறகு நாம் தட்டுவதிலும் அப்பாச்சிக்காரர்கள் தேடியிருக்கிறார்கள். சரி, பாதை 4096 எழுத்தைத் தாண்டினால்? பாதையைத் தரவேண்டிய ஃபங்ஷன் கையை விரித்துவிடும். சாக்கெட் இல்லை என்று எண்ணி, மாட் ப்ராக்ஸி பைப்புக்கு அடுத்த முகவரிக்கு நேராகக் கிளம்பிவிடும்.

இந்த 'ஏ' இருக்கிறதே, உயிரை வாங்கிவிட்டது. பாதையை நீட்ட நாலாயிரத்துச் சொச்சம் 'ஏ' போட்டால் டெர்மினல் முழுக்க ஏ, ஏ, ஏ. முக்கியமான கடைசித் துண்டு ரெகார்டிங்கில் கண்ணுக்கே படவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினேன், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பைத்தானில் ஒரே வரி, பெருக்கல் குறி போட்டு முடித்தேன். எண்டர் தட்டியதும் வெளியிலிருந்து தொடவே முடியாத இரண்டாவது கன்டெய்னரின் (தனியாக ஓடும் குட்டி சர்வர் மாதிரி) லாகில் ஒரு கெட் வரி, அதாவது கோரிக்கை வந்த பதிவு, வந்து விழுந்தது பாருங்கள்... கத்தியே விட்டேன்.

ஆங், சொல்ல மறந்துட்டேன். மாட் ப்ராக்ஸியை ஆன் செய்து ப்ராக்ஸிபாஸ் (எந்த சர்வருக்குக் கடத்துவது என்று சொல்லும் கான்ஃபிக் வரி) போட்டிருந்தால்தான் இது வேலை செய்யும்.

கிளவுடில் 169.254.169.254 என்ற முகவரிக்கு (சர்வருக்கு அதன் சொந்த விவரங்களைத் தரும் மெட்டாடேட்டா சேவை) சர்வரைப் போக வைத்தால் கிளவுட் கணக்கின் தற்காலிகச் சாவிகளே கிடைக்கலாம். 2019-இல் அமெரிக்க வங்கி கேபிடல் ஒன்னில் நடந்த திருட்டு அந்த வழிதான், பத்து கோடிப் பேருக்கு மேல் விவரம் போனது. அதே வருடம் நவம்பரில் அமேசான், முதலில் டோக்கன் வாங்கச் சொல்லும் அந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது.

அப்பாச்சியின் ஓட்டைக்குத் திருத்தம் 2021 செப்டம்பரில், 2.4.49-இல். அதே 2.4.49-இல் புதிதாக ஒரு பாத் டிராவர்சல் (அனுமதி இல்லாத ஃபோல்டருக்குள் நுழையும்) ஓட்டை! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. 2.4.50-இல் அரைகுறையாக அடைத்து, 2.4.51-இல்தான் சரியானது.

வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்து அலறும் ஸ்கேனர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. டெபியன் லினக்ஸ்காரர்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துத் தருவார்கள். அதனால் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) 40438 என்று தேடிப் பாருங்கள். இருந்தால் போய்த் தூங்கலாம்.