கோழியைக் கொன்றது யார்?

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலத்தில், செத்த கோழியை உரச்சாக்கில் போட்டுத் தூக்கி வருபவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "கீரி ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போயிடுச்சுங்க." ஓமலூர்ப் பக்கத்து ஆளானாலும் சரி, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவரானாலும் சரி, இதில் மாற்றமே இல்லை. கீரி கோழி பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது பகலில் திரிகிற பிராணி. பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். நடுராத்திரி, அடைத்த கூட்டுக்குள் நடந்த கொலையை அதன் தலையில் போட்டால் எப்படி?

ரத்தம் குடிக்கிற கதையும் அப்படித்தான். கீரியும் சரி, மரநாயும் சரி, ரத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகிற பிராணிகள் அல்ல. சந்தேகம் இருந்தால் கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, செத்த கோழியின் கழுத்து இறகைப் பிடுங்கித் தோலைக் கீறிப் பாருங்கள். வெளியே ஊசி குத்தியது போல ரெண்டு சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே தோலுக்கும் சதைக்கும் நடுவில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டிக் கிடக்கும். காணாமல் போனதாகச் சொன்ன ரத்தம் அங்கேதான் இருக்கிறது.

கடித்த இடத்தில் இப்படி ரத்தக்கட்டே இல்லையென்றால் கதை வேறு. கடிபடும்போது கோழிக்கு உயிர் இல்லை என்று அர்த்தம். முதலில் நோயில் செத்திருக்கிறது, அப்புறம்தான் ஏதோ ஒன்று வந்து தின்றிருக்கிறது. கூட்டில் மிச்சமிருக்கும் கோழிகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கின்றனவா, எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குப் பொறி வைத்துப் பயனில்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. செத்ததைக் குழம்பு வைக்காமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

சரி, கொன்றதுதான் என்று தெரிந்துவிட்டது. அள்ளிப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று இடத்தைப் பாருங்கள். நம் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் வாசல் கூட்டுவது. தடயம் எல்லாம் குப்பையோடு போய்விடும். இறகு ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்தால் அங்கேயே உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறது. ஒரு இறகை எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பு முழுசாக வந்திருந்தால் வல்லூறு மாதிரி ஒரு பறவை. மென்று துண்டித்திருந்தால் பல் உள்ள பிராணி. வல்லூறும் பருந்தும் குஞ்சுகளைத்தான் தூக்கும். முழுக் கோழி அவற்றுக்குப் பெரிய சுமை. இறகு வேலிவரைக்கும் ஒரே கோடாகச் சிந்திக்கிடந்தால், காட்டுப்பூனையோ நரியோ கோழியைக் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. நரி என்றதும் வாழப்பாடிக்காரர்களுக்கு வங்காநரி ஞாபகம் வரும். பொங்கல் சமயத்தில் அதைப் பிடித்து ஓடவிடுகிற வழக்கம் அங்கே உண்டு. வனத்துறை தடுத்து அபராதமும் போட்டிருக்கிறது. அது பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. எலியும் பூச்சியும் தின்று பிழைக்கிற பிராணி. பாவம், அதன்மேல் வருகிற கோழிப்பழியில் பாதிக்குமேல் பொய்யாகத்தான் இருக்கும்.

மலைமேல் என் சந்தேகம் முதலில் மரநாய்மேல்தான். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தை ஒட்டி வீடு இருந்தால், பாறை மேலும் கைப்பிடிச்சுவர் மேலும் அதன் எச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். பழம் பழுக்கிற பருவத்தில் அந்த எச்சம் முழுக்கக் காப்பிக்கொட்டையாக இருக்கும், கொட்டை உடையாமல் அப்படியே வந்திருக்கும். பழம்தான் அதற்கு முக்கியத் தீனி, ஆனால் கோழி கிடைத்தால் விடாது. நன்றாக மரம் ஏறும். அதனால் கதவைப் பூட்டிவிட்டுக் கூரையில் உள்ள ஓட்டையை அடைக்க மறந்த வீட்டில்தான் அது கைவரிசை காட்டும். கூட்டுக்குள் புகுந்துவிட்டால், கோழிகள் படபடவென்று அடித்துக்கொள்வதிலேயே ஒன்றுக்கு மேல் கொன்றுபோடும். மலையில் மரத்தில் அடைகிற கோழி என்றால் கோட்டானையும் நினைவில் வையுங்கள். காலையில் தலையும் கழுத்தும் இல்லாமல் உடம்பு மட்டும் மரத்தடியில் கிடக்கும்.

கம்பி வலைக்கு உள்ளே உடம்பு முழுசாக இருக்கிறது, தலை மட்டும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். கோழி வலையை ஒட்டித் தூங்கியிருக்கும். வெளியே நின்ற பூனையோ மரநாயோ தலையை இழுத்திருக்கும். பெரிய கண் வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியில் இருப்பதைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கம்பி வலையைத் தரையிலிருந்து ரெண்டு அடி உயரத்துக்காவது அடியுங்கள், மண்ணுக்குள்ளும் ஒரு அடி இறக்குங்கள்.

கன்னங்குறிச்சி, அயோத்தியாபட்டணம் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில், காட்டு மிருகத்தைத் தேடுவதற்கு முன்னால் தெருவில் படுத்திருக்கும் நாயைப் பாருங்கள். நாலைந்து கோழி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும், இறகெல்லாம் எச்சில் நனைந்திருக்கும், ஆனால் எதையும் தின்றிருக்காது. விளையாட்டுக்குக் கொன்றது. அது பக்கத்து வீட்டு நாய் என்றால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கீரிக்குக் கெட்ட பெயர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குஞ்சுகள் மட்டும் தடயமே இல்லாமல் குறைந்துகொண்டே வந்தால் சுவரோரம் பெருச்சாளி வளை இருக்கிறதா என்று தேடுங்கள். முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் போனால் பாம்பு. செத்த குஞ்சின் தலை ஈரமாக, இறகு படிந்து கிடந்தாலும் பாம்புதான். விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பியிருக்கும். அடைக்கூடையில் கோழி காயமே தெரியாமல் செத்துக் கிடந்தால் கையை விடாதீர்கள். முதலில் ஒரு கோலால் கூடையைச் சாய்த்துப் பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையா? ராத்திரி கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுங்கள். பூனைத் தடம் வட்டமாக இருக்கும், நாலு விரல், நகம் பதியாது. நாய்க்கும் நாலு விரல்தான், ஆனால் நகம் பதியும். மரநாய்க்கு ஐந்து விரல். கீரிக்கும் ஐந்துதான், ஆனால் அதற்குப் பகலில் தூவவேண்டும்.

விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, வெடி வைப்பது வேண்டாம். கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வழக்கு வந்தால் கோழி விலையோடு முடியாது. விஷத்தைத் தின்பது உங்கள் நாயாகவோ தோட்டத்து மயிலாகவோ இருக்கலாம். ஒருமுறை ருசி கண்டது மறுபடி வரும், பெரும்பாலும் அதே வழியில் வரும். அதனால் முதல்நாள் சாம்பலில் ஒன்றும் பதியவில்லை என்று விட்டுவிடாமல், இன்னும் ரெண்டு மூன்று ராத்திரி தூவிப் பாருங்கள். வணக்கம்.