பழைய சிஸ்டத்துக்கு எந்த ப்ராசசர் போட்டால் பல வருஷம் ஓடும்?

[திரை: பக்கவாட்டு மூடி கழற்றிய கேபினட். ஃபேனில் தூசி.]

வணக்கம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, ப்ராசசர் செத்துப்போய் எத்தனை சிஸ்டம் வந்திருக்கு?" கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் போய் வரும், போர்டில் கெப்பாசிட்டர் உப்பி வரும், ஐப்பசி இடியில் லேன் போர்ட் கருகி வரும். கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்திலிருந்து வருகிற பெட்டியில் உப்புக்காற்று பட்டு திருகுகூடத் துருப்பிடித்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் ப்ராசசர், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்குக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

அதனால் "நீடித்து உழைக்கிற ப்ராசசர் எது?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாமே உழைக்கும். அதற்கு முன்னால் சாவது அதைச் சுற்றியிருக்கும் கூட்டம். அது உட்காரும் மதர்போர்டு கடையில் கிடைக்காமல் போகும். அதற்கான ராம் வகை வழக்கொழியும். விண்டோஸ் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ப்ராசசர் வாங்கும்போது இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் கிகாஹெர்ட்ஸ் அப்புறம்தான்.

[திரை: டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ் பக்கம்]

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிஸ்டம் இழுக்கிற நேரத்தில் அதில் எது நூறு சதவீதத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். டிஸ்க் நூறில் நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி. அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே ஆள் மாறிவிடுவார். மெமரி நிரம்பி வழிந்தால் ராம். சிபியு, அதாவது ப்ராசசர், நூறில் நின்று மற்றவை அமைதியாக இருந்தால் மட்டும் இந்த வீடியோ உங்களுக்கு.

அதே பக்கத்தில் ப்ராசசரின் பெயரும் இருக்கும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5, ஐ7 என்பதை விட்டுவிட்டு அதற்கடுத்த எண்ணைப் படியுங்கள். ஐ5 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ5 8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5 12400 என்றால் பன்னிரண்டு. கடையில் 'ஜென்' என்பார்கள். பழைய சிஸ்டம் விற்கிறவர் "ஐ7 சார், டாப் மாடல்" என்று சொல்லிவிட்டு ஜென்னைச் சொல்லாமல் விட்டால், அதை மறந்து விட்டார் என்று நான் நம்புவதில்லை.

[திரை: இரண்டு சிப்கள் பக்கத்துப் பக்கத்தில். ஐ7 3770, ஐ3 12100]

டாப் மாடல் வாங்கினால் அதிக காலம் ஓடும் என்ற நம்பிக்கை நம்ம ஊரில் பலமாக இருக்கிறது. இந்த இரண்டையும் பாருங்கள். இடது பக்கம் 2012இல் வந்த ஐ7 3770. வீட்டு உபயோகத்துக்கு அன்று உச்சம். வலது பக்கம் பன்னிரண்டாம் தலைமுறையின் கடைக்குட்டிகளில் ஒன்றான ஐ3 12100. இரண்டிலும் நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). ஆனால் பத்து வருஷ இடைவெளியில் இந்த ஐ3 அந்த ஐ7ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை பார்க்கிறது. அன்று உச்சத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் காலம் சாப்பிட்டுவிட்டது. இப்போது நடுத்தரம் வாங்கி, சில வருஷம் கழித்து அதே போர்டில் இன்னொரு நடுத்தரம் மாற்றுவதே என் கணக்கில் லாபம். அதற்கு அந்த போர்டு இடம் கொடுக்க வேண்டுமே, அங்கேதான் சாக்கெட் விஷயம் வருகிறது.

சாக்கெட் என்பது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். 2015இல் ஆறாம் தலைமுறை இன்டெல் வாங்கியவர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் பெயர் எல்ஜிஏ 1151. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் வந்தன. அதே 1151, பார்வைக்கு அதே அளவு. ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது என்று இன்டெல் சொல்லிவிட்டது. புது போர்டு வாங்கு, இல்லாவிட்டால் ஏழாம் தலைமுறையோடு நில். அப்புறம் 2020இல் எல்ஜிஏ 1200 வந்து, பத்தும் பதினொன்றும் முடிந்ததும் போனது. 2021இல் வந்த எல்ஜிஏ 1700 பரவாயில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என மூன்று தலைமுறை ஏற்றது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு மறுபடியும் புது சாக்கெட், 1851.

இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் ஏஎம்4 என்று ஒரு சாக்கெட். அதில் உட்காரும் ஏஎம்டி சிப் ரைசன்; முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில், பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் உள்மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, 2020 கடைசியில் வரத் தொடங்கிய ரைசன் 5000 வரிசை சிப்பைப் போட முடிகிறது. ராம் மாற்ற வேண்டாம், கேபினட் மாற்ற வேண்டாம், போர்டைக் கழற்றவும் வேண்டாம். முதல் தலைமுறை ரைசனுக்கு விண்டோஸ் 11 பட்டியலில் இடமில்லை. அதே பெட்டிக்குள் 5000 வரிசை சிப்பை வைத்ததும் இடம் கிடைத்துவிடுகிறது. நீண்ட ஆயுள் என்று நான் சொல்வது இதைத்தான். உங்களிடம் ஏஎம்4 போர்டு இருந்தால் இந்த வீடியோவை நிறுத்திவிட்டு, போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு பட்டியலைப் போய்ப் பாருங்கள். உங்கள் வேலை அங்கேயே முடிந்துவிடலாம்.

[திரை: விண்டோஸ் 10, 2025 அக்டோபர் 14]

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்பில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைக்குப் பிறகான ப்ராசசர். குறுக்கு வழியில் பழைய சிஸ்டத்தில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பில் போடவும் படிக்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டு செலவே இல்லாமல் ஓட்டலாம். மூன்றாம் தலைமுறை சிப்பிலும் நன்றாகவே ஓடும்.

சரி, ஒரு உதாரணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். தக்கலைப் பக்கம் ஒரு டிடிபி கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா அழைப்பிதழ், இடையிடையே ஆன்லைன் விண்ணப்பம். சிஸ்டம் ஐ5 3470, டிடிஆர்3 என்ற பழைய வகை ராம் எட்டு ஜிபி. எஸ்எஸ்டி ஏற்கெனவே போட்டாயிற்று. போட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல் திறந்தால் இழுக்கிறது.

இவருக்கு ப்ராசசரை மட்டும் மாற்றி ஆவதில்லை. இன்றைய ப்ராசசர்களுக்கான போர்டுகள் டிடிஆர்3 ராமை ஏற்பதில்லை. ஆகவே போர்டு, ராம், ப்ராசசர் மூன்றும் மாற வேண்டும். எல்லாமே புதிது என்றால் நான் ஏஎம்5 சாக்கெட் பக்கம் போகச் சொல்வேன். 2022 செப்டம்பரில் வந்தது. ரைசன் 7000, 8000ஜி, 9000 வரிசைகளை ஏற்றிருக்கிறது. 2027க்கு மேலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ரைசன் 5 7600 போதும்: ஆறு கோர், 65 வாட், மானிட்டரை நேராகச் செருகும் அளவுக்கு உள்ளேயே கிராபிக்ஸ். சிக்கல் ஒன்று, இதற்கு டிடிஆர்5 ராம் வேண்டும். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். பட்ஜெட் தாங்காவிட்டால் ஒரே குச்சி 16 ஜிபி இப்போது, இன்னொன்று பிறகு.

இவர் கையில் ஆறாம் தலைமுறைக்குப் பிந்தைய சிஸ்டமும் டிடிஆர்4 ராமும் இருந்திருந்தால் என் பதில் வேறு. ராமைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் இன்று பெட்டிக்குள் இருக்கும் தங்கம். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவையும் உண்டு, டிடிஆர்5 ஏற்பவையும் உண்டு; டிடிஆர்4 என்று கேட்டு வாங்கி, ஐ5 12400 போடலாம். பில் கவுன்டருக்கு என்றால் ஐ3 12100ஏ தாராளம். பேஜ்மேக்கர் மாதிரி பழைய மென்பொருளுக்கு நீங்கள் பத்து கோர் கொடுத்தாலும் அது ஒன்றோடுதான் மல்லுக்கட்டும்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்கவும். இன்டெல்லில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 12400 வேறு, 12400எஃப் வேறு. விலை குறைவு என்று எஃப் வாங்கி வந்து, பெட்டியை மூடி, ஸ்விட்ச் போட்டால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீர வேண்டும். ஏஎம்4இல் இது தலைகீழ்: 'ஜி' இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. 5600க்கு இல்லை, 5600ஜிக்கு உண்டு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கும் வயது உண்டு. யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் அனுப்புகிறது. அதை இன்டெல்லில் பதினோராம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸே விரித்துக்கொள்ளும், டெஸ்க்டாப் ரைசனில் 7000 வரிசையிலிருந்து. 5600ஜிக்கு அந்த வசதி இல்லை, கோர்களே அந்தப் பாரத்தைச் சுமக்கும். பெரிய குறையில்லை, ஆனால் ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் நான் 12400 பக்கம் சாய்வேன்.

[திரை: பெயர் தெரியாத போர்டு, பெரிய ஸியான் சிப்]

ஆன்லைனில் "14 கோர் ஸியான், போர்டு, ராம் சேர்த்து இவ்வளவுதான்" என்று வரும் காம்போ பற்றிப் பலர் கேட்கிறீர்கள். சர்வரிலிருந்து கழற்றிய ஸியான் ஈ5 சிப்கள் அவை. கோர் நிறைய, ஒவ்வொரு கோரும் மெதுவு. கிராபிக்ஸ் இல்லை. விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. போர்டு கெட்டால் பயாஸ் தேட யாரிடம் போவது என்றே தெரியாது. வீட்டில் ரெண்டரிங் பழகும் பையனுக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கட்டும், தொழிலுக்கு வேண்டாம்.

ப்ராசசர் கெடாது என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெல் பதின்மூன்று, பதினான்காம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில், அதிலும் மேல்தட்டு மாடல்களில், வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய் சிப் நிரந்தரமாகவே பலவீனமடைந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, பாதிப்பு வரக்கூடிய பெட்டிச் சிப்களுக்கு வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது. ஆகவே இந்த ஐ7, ஐ9களைப் பழையதாக வாங்காதீர்கள், புதிதாக வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட்.

வாரன்டி என்றதும் இன்னொன்று. சீல் உடையாத பெட்டியில் வரும் ப்ராசசருக்கு இன்டெல், ஏஎம்டி இருவரும் பொதுவாக மூன்று வருஷம் தருகிறார்கள். பெட்டியில்லாமல் வரும் 'டிரே' சிப்புக்குக் கம்பெனி நேரடியாகத் தராது, விற்ற கடைதான் பொறுப்பு. சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள், திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் சரி, வடசேரியில் வாங்கினாலும் சரி.

65 வாட் ப்ராசசரை நான் சொல்வதற்கு மின்சாரமும் ஒரு காரணம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் நிஜத்தில் 360 வாட் அளவுக்குத்தான். தனி கார்டு இல்லாத 65 வாட் சிஸ்டம் என்றால், கரண்ட் போனாலும் ஃபைலைச் சேமித்து நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே புது போர்டில் மாட்டுவது மட்டும் வேண்டாம். பத்து வருஷம் கடலோர ஈரக்காற்று குடித்த எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை.

[திரை: ஏஎம்4 ஹீட் சிங்க், மெதுவாகத் திருகும் கை]

கடைசியாக, மாற்றும் நாள். ஏஎம்4இல் கம்பிகள் ப்ராசசரிலேயே இருக்கின்றன. இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது ஹீட் சிங்கை வெடுக்கென்று இழுத்தால் ப்ராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், கம்பி வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5இலும் கம்பிகள் போர்டில் இருக்கும். சாக்கெட்டுக்குள் விரல் படக்கூடாது.

அதே போர்டில் சிப் மாற்றுகிறவர்கள் பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதை மாட்டிய பிறகு போர்டுக்கு அது யாரென்றே தெரியாது. அப்டேட் பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள், காலை நேரத்தில் செய்யுங்கள். ஐப்பசி மாதம் மத்தியானத்துக்கு மேல், மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போது அந்த வேலையைத் தொடவே வேண்டாம். புது சிப்பில் சிஸ்டம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழைய ப்ராசசரை விற்காமல் அதே பிளாஸ்டிக் உறையில் வைத்திருங்கள்.