ஜெர்மனியின் நவம்பர் 9

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு மாணவர் வாசிப்பார், நினைவிருக்கிறதா? அன்று பிறந்த விஞ்ஞானி, அன்று இறந்த அரசர், அன்று விழுந்த விமானம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. உலக வரலாறு முழுவதையும் 365 நாட்களுக்குப் பங்கு பிரித்தால் எந்த நாளும் வெறுமனே இருக்காது. ஆகவே தேதிப் பொருத்தங்களைக் கண்டு நான் மலைப்பதில்லை. நவம்பர் 9 மட்டும் கொஞ்சம் வேறு. ஜெர்மனியில் அந்தத் தேதியில் நடந்த ஒன்று, பிறகு வந்த இன்னொன்றுக்கு வழி செய்து கொடுத்தது.

1918-லிருந்து தொடங்குவோம். முதல் உலகப் போரில் தோல்வி உறுதியாகிவிட்டது. கீல் துறைமுகத்தில் மாலுமிகள் தொடங்கிய கலகம் ஊர் ஊராகப் பரவுகிறது. நவம்பர் 9 நண்பகலில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடி துறந்துவிட்டார் என்று பிரதமர் மாக்ஸ் பெர்லினில் அறிவிக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பெல்ஜியத்தில் ஸ்பா நகரில் இருந்த பேரரசர் அதற்கு இன்னும் சம்மதிக்கவே இல்லை! பிற்பகலில் சமூக ஜனநாயகக் கட்சியின் பிலிப் ஷைடமன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேலிருந்து, 'இனி இது குடியரசு' என்று கூட்டத்திடம் அறிவிக்கிறார். யாரைக் கேட்டு அறிவித்தாய் என்று அவருடைய கட்சித் தலைவர் ஏபர்ட்டுக்கே கோபம். சற்று நேரத்தில் அரண்மனையிலிருந்து கார்ல் லீப்க்னெக்ட் தம் பங்குக்குச் சோஷலிசக் குடியரசை அறிவிக்கிறார். மறுநாள் பேரரசர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார்.

நவம்பர் 11 அன்று போர்நிறுத்தம். களத்தில் தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று வலதுசாரிகள் கதை கட்டினார்கள். குடியரசு அமைத்தவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குடியரசைக் கவிழ்க்கத்தான் 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் ஒரு பீர் மண்டபத்துக்குள் ஹிட்லர் துப்பாக்கியோடு நுழைந்தார். ஐந்தாண்டு நிறைவு என்று நாள் பார்த்து வந்தவர் அல்லர். அன்று மாலை பவேரியாவின் ஆட்சித் தலைவர் குஸ்டாவ் ஃபான் கார் அங்கே பேசுகிறார் என்பதுதான் காரணம். மறுநாள் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. போலீசார் 4 பேரும் கலகக்காரர்கள் தரப்பில் 16 பேரும் இறந்தார்கள். ஹிட்லருக்கு 5 ஆண்டு சிறை. தீர்ப்புக்குப் பிறகு ஓராண்டுகூட முழுதாக இருக்கவில்லை, வெளியே விட்டுவிட்டார்கள். நீதிமன்றத்தின் அந்தத் தாராளத்துக்கு உலகம் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

ஆட்சிக்கு வந்த பிறகு அந்தத் தேதியை நாஜிக்கள் புனித நாள் ஆக்கினார்கள். ஆண்டுதோறும் மியூனிக்கில் கூடினார்கள். 1938-ல் நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. பாரிஸில் 17 வயது யூதச் சிறுவன் ஹெர்ஷல் கிரின்ஸ்பான் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். அவன் குடும்பத்தை ஜெர்மனியிலிருந்து போலந்து எல்லைக்கு விரட்டியடித்திருந்தார்கள். அதிகாரி இறந்த செய்தி வந்தது நவம்பர் 9 அன்று. கட்சித் தலைவர்கள் அத்தனை பேரும் நினைவு விருந்துக்கு ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசுகிறார். கேட்டவர்கள் நேரே தொலைபேசிக்குப் போய்த் தங்கள் ஊர்களுக்கு உத்தரவு கொடுக்கிறார்கள். நாடு முழுக்கத் தனித்தனியே ஆள் அனுப்ப வேண்டிய வேலையே இல்லை. ஆண்டுவிழா அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது.

அந்த இரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதக் கோவில்கள் எரிந்தன, இடிந்தன. சுமார் 7,500 கடைகள் நொறுங்கின. தீயணைப்புப் படை வந்தது, பக்கத்து வீட்டுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள! ஏறத்தாழ 30,000 ஆண்களை டாக்காவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். போதாதென்று, நூறு கோடி மார்க் அபராதத்தை யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

இந்த ஆண்டுவிழாவை வேறொருவரும் பயன்படுத்தப் பார்த்தார். கியோர்க் எல்சர் என்ற தச்சர். நவம்பர் 8 இரவு ஹிட்லர் அதே பீர் மண்டபத்துக்கு வந்தே தீருவார் என்று கணக்கிட்டு, இரவுதோறும் உள்ளே ஒளிந்திருந்து தூணைக் குடைந்து குண்டு வைத்தார். 1939-ல் அது குறித்த நேரத்தில் வெடித்தது. ஹிட்லரோ 13 நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டிருந்தார்.

1989 மட்டும் தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்தில், கையில் கிடைத்த தாளை வாசிக்கிறார்: இனி வெளிநாடு போக அனுமதி உண்டு. எப்போதிலிருந்து என்று கேட்கிறார்கள். தாளைப் புரட்டிவிட்டு, உடனடியாக என்கிறார். மறுநாள் அதிகாலைதான் அறிவிக்க வேண்டிய செய்தி அது! கிழக்கு பெர்லின் மக்கள் எல்லைக்குத் திரண்டுவிட்டார்கள். மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராமல், போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் இரவு 11.30 வாக்கில் தடுப்பைத் திறந்துவிட்டார். பெர்லின் சுவர் வீழ்ந்தது என்கிறோமே, அது இதுதான். சுட உத்தரவிடாத அந்த அதிகாரியை நான் ஷபோவ்ஸ்கியைவிட ஒரு படி மேலே வைப்பேன்.

சுவர் வீழ்ந்த நாளையே தேசிய நாள் ஆக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியிலும் கேட்டார்கள். 1938 எரிந்த தேதியில் வாணவேடிக்கை விட முடியாது என்பதால் அந்த யோசனை நிற்கவில்லை. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் ஒன்றிணைப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்த 1990 அக்டோபர் 3 தேசிய நாள் ஆனது. அந்தத் தேதிக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் 7 கிழக்கு ஜெர்மனி உருவான நாள். அதன் 41-ஆவது ஆண்டுவிழா வருவதற்குள் அந்த நாடே இல்லாமல் போய்விட வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். நான்கு நாள் முன்னதாகவே முடித்துவிட்டார்கள்.

நன்றி, வணக்கம்.