கிழவரைக் கடிகாரத்தால் கொல்ல மாட்டேன்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் இருந்து பேசுகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இதைப் பதிவு செய்கிறேன், ஆகவே நெற்றியில் வழியும் வியர்வையைப் பொருட்படுத்த வேண்டாம். சென்ற முறை அதன் கடகடப்பில் நான் பேசியதில் பாதி கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ஏன் பாடநூலைப் போலப் பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் தம்பிக்குப் பழைய பதில்தான்: எனக்கு இப்படித்தான் வரும்.

இன்று நான் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறேன். மெட்டல் கியர் சாலிட் டெல்டா என்ற வீடியோ கேமில் 'தி எண்ட்' என்ற கிழவரோடு நான் 1 மணி 40 நிமிடம் மல்லுக்கட்டியதைச் சென்ற வீடியோவில் வெட்டாமல் முழுதாகப் போட்டிருந்தேன். அதன் கீழே ஒருவர், "அண்ணா, மெஷினில் தேதியை எட்டு நாள் தள்ளி வைத்தால் கிழவர் தானாகச் செத்துப்போவார், இதற்கா இவ்வளவு நேரம்?" என்று எழுதினார். அந்த ஒற்றை வரிக்கு விழுந்த லைக் என் வீடியோவுக்கு விழுந்ததைவிட அதிகம். எனக்கு இந்தத் தந்திரம் தெரியாது என்று நினைத்துவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெட்டல் கியர் சாலிட் தொடரின் மூன்றாம் பாகமான ஸ்னேக் ஈட்டர் என்ற இந்த ஆட்டம் 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, இயக்கியவர் ஹிடியோ கோஜிமா. அதையே கொனாமி நிறுவனம் புதிய படத்தரத்தோடு, ஆனால் அன்று பதிவு செய்த அதே குரல்களோடு, 2025 ஆகஸ்டு 28 அன்று டெல்டா என்ற பெயரில் மறுபடியும் வெளியிட்டது. கதை 1964-இல் சோவியத் காட்டுக்குள் நடக்கிறது. அங்கே கோப்ரா அணி என்று ஐவர் நம்மை எதிர்க்கிறார்கள், அவர்களில் மூத்தவர்தான் தி எண்ட். நூறு வயதைக் கடந்த குறிபார்த்துச் சுடும் வீரர். தோளில் ஒரு கிளி இருக்கும். செடிகொடிகளைப் போல வெயிலில் இருந்து சக்தி எடுத்துக்கொள்வார். சண்டையின் நடுவே ஆட்டத்தைச் சேமித்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், முதுமை தாளாமல் இறந்து கிடப்பார். கடிகாரத்தை முன்னே தள்ளினால் அந்த ஒரு வாரமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அது மட்டும் அல்ல, இந்தச் சண்டைக்கு வெகு முன்பாகவே கிடங்கின் படகுத்துறையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போதே தூரத்தில் இருந்து சுட்டு வீழ்த்திவிடலாம். அப்படிச் செய்தால் பின்னால் அந்தக் காட்டில் அவருக்குப் பதிலாக ஆஸலாட் என்ற இளம் எதிரி அதிகாரியின் ஆட்கள் காவல் நிற்பார்கள். ஒரு எதிரியைக் கொல்ல இத்தனை வழி வைத்த ஆட்டத்தில், மிக நீளமான வழியை நான் ஏன் பிடித்தேன் என்பதுதான் கேள்வி.

என் பெரியப்பாவுக்குக் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு இருந்தது, முழுக்கக் கிளிமூக்கு மாங்காய். அறுவடைக்கு முந்தைய மாதத்தில் அங்கே காவலுக்கு இருந்த தாத்தாவிடம் ஒரு கவணும், மடி நிறையக் கூழாங்கற்களும், ஒரு கயிற்றுக் கட்டிலும் மட்டுமே உண்டு. தாத்தா தூங்குகிறார் என்று நம்பி நாங்கள் வேலியில் ஒரு காலை வைப்போம். காதோரம் 'விர்' என்று ஒரு கல் போகும். எங்கள் மீது ஒருநாளும் பட்டதில்லை, பக்கத்து மரத்தில்தான் படும். குறட்டையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்: சீரான குறட்டை பொய், நடுவில் விக்கி நின்று மறுபடி தொடங்கும் குறட்டை மெய். தி எண்ட்டோடு மோதும்போது திசை ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக் காட்டின் மூன்று பகுதிகளிலும் அவருடைய மூச்சைத் தேடுவீர்கள் அல்லவா? அந்தக் குறட்டை காதில் விழுந்ததும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இந்தத் தொடரில் எனக்குப் பாடம் நடத்தத் தேவையே இல்லாத ஒரே எதிரி அவர்தான்.

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய உடல்திறன் அளவுக்கோடு கால் பங்குக்கு வந்துவிட்டது. மயக்க ஊசித் துப்பாக்கியில் ஒலியடக்கியும் தேய்ந்து கடைசி நிலையில் இருந்தது. வெப்பக் கண்ணாடியில் அவருடைய கால்தடங்கள் ஆறாமல் தெரிந்தன, அதாவது அவர் அப்போதுதான் அந்த வழியாகப் போயிருந்தார். நான் புல்லில் படுத்து ஊர்ந்து பாறையை எட்டிய நேரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அதன் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, கிட்டத்தட்ட தி எண்ட்டின் வயது. இரண்டு விளக்கையும் ஒரு விசிறியையும் தாங்கும், அதற்கு மேல் எதையாவது இழுத்தால் பீப் பீப் என்று அழும். 50 நிமிடம் போயிற்று, நான் சேமித்திருக்கவில்லை. "விளையாட்டுதானே, நாளைக்கு ஆடேன்" என்றார் அம்மா. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே சொல்ல மாட்டேன்.

இரண்டாம் முயற்சியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் அதில் முக்கியமான ஒன்றைப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை என்பதால் விளக்குகிறேன். கிழவரைப் பின்புறமாக அண்டித் துப்பாக்கியை நீட்டி மடக்கிவிட்டால் 'மாஸ்' என்ற உருமறைப்பு உடை கிடைக்கும். அதை உடுத்தி வெயிலில் நின்றால், அவருக்கு ஏறுவதைப் போலவே நமக்கும் உடல்திறன் ஏறும். நான் அவரை மடக்கிய இடம் வடக்குப் பகுதி, நேரம் 1 மணி 12-ஆவது நிமிடம். வேண்டுமானால் போய்ப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு முறை பத்தடி தூரத்தில் விழித்துக்கொண்டு ஓடினார். நூறு வயதுக்காரர் அப்படி ஓடுவது அநியாயம். மூன்றாம் முறை நான் அனலாக் குச்சியை எவ்வளவு மெதுவாக நகர்த்தினேன் என்றால் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது.

உயிரைப் பறிக்காமல் உடல்திறனை மட்டும் வடியவைத்து வென்றால் அவருடைய மோசின் நாகாண்ட் துப்பாக்கியும் நமக்கு வரும். அது தூரத்தில் இருப்பவரையும் மயக்கி உறங்கவைக்கும் துப்பாக்கி. கடிகாரத்தைத் தள்ளுபவருக்கு இவை இரண்டும் கிடையாது. "எப்படி வென்றாலும் கடைசியில் அவர் வெடித்துச் சாகத்தானே போகிறார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் நேருக்கு நேர் தோற்றால் தன் காட்டிடம் பேசி விடைபெற்றுக்கொண்டு போகிறார்.

மற்ற கோப்ராக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளவிகளை ஏவும் 'தி பெயின்' எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மரத்துக்கு மரம் தாவும் 'தி ஃபியர்' பரவாயில்லை. அவருக்குப் பசி எடுக்கும்போது கெட்டுப்போன உணவை வீசினால் எடுத்துத் தின்றுவிட்டு வாந்தி எடுப்பார், அதைப் பார்க்கும் அற்பமான மகிழ்ச்சிக்காகவே நான் இரண்டு நாள் அழுகவைத்த இறைச்சியைச் சுமந்துகொண்டு போனேன். 'தி சாரோ' சண்டையே போட மாட்டார், அவர் ஏற்கெனவே இறந்தவர். ஓர் ஆற்றில் நம்மை நடக்கவிடுவார், அதுவரை நாம் கொன்றவர்கள் எல்லாரும் எதிரே வருவார்கள். கொன்ற காவலாளியின் உடலைக் கழுகு தின்று, அந்தக் கழுகை நாம் தின்றிருந்தால், அவன் அதையும் சொல்லிப் புலம்புவான். கண்டவனை எல்லாம் சுட்டுக்கொண்டு வந்தவனுக்கு ஆறு நீண்டுகொண்டே போகும்.

இவர்களில் எவரும் நம்மிடம் பொய் சொல்வதில்லை என்பதைக் கவனித்தீர்களா? எதிரே நின்று, பெயரைச் சொல்லி, தன் ஆயுதம் இன்னது என்று காட்டிவிட்டு மோதுகிறார்கள். இந்தத் தொடரில் ஏமாற்றுபவர்கள் வானொலி வழியாகக் காதில் பேசும் நம்மவர்கள்தான். 1998-இல் வந்த முதல் மெட்டல் கியர் சாலிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நவோமி தொடக்கத்திலேயே அந்த ஆட்டத்தின் நாயகன் ஸ்னேக்குக்கு ஊசி போடுகிறாள், அதற்குள் ஃபாக்ஸ்டை என்ற கொலைக் கிருமி இருக்கிறது. கட்டளை இடும் கர்னல் காம்ப்பெல் பாதியை மறைக்கிறார். அன்பாக அறிவுரை சொல்லும் மாஸ்டர் மில்லர் கடைசியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார், அது முதன்மை வில்லன் லிக்விட்! 2001-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தக் கர்னல் மனிதரே அல்ல, கணினி.

முதல் பாகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழையபேட்டையில் ஒரு மாடியில் மணிக்கு 10 ரூபாய் வாங்கும் கேம் கடை இருந்தது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மெரில் என்ற பெண்ணின் வானொலி அலைவரிசை சிடி உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று ஆட்டத்தில் ஒரு பெரியவர் சொல்வார். அவர் ஸ்னேக்கிடம் ஒரு வட்டையும் கொடுத்திருப்பார் என்பதால் நாங்கள் அரை மணி நேரம் அந்த வட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவர் சொன்னது நம் கையில் இருக்கும் உண்மையான உறையை. கடையில் இருந்ததோ வெற்றுப் பிளாஸ்டிக் பையில், ஸ்கெட்ச் பேனாவால் 'எம்.ஜி.எஸ்' என்று எழுதிய சிடி! எண்களை ஒவ்வொன்றாகத் திருப்புவது என்று முடிவு செய்து, கர்னலின் 140.85-இல் தொடங்கி மேல்நோக்கிப் போனோம். மெரில் கீழே 140.15-இல் இருந்தாள். இரண்டு நாள், நாற்பது ரூபாய். அன்று நாங்கள் கடைக்காரரைத் திட்டினோம், ஸ்னேக்கைத் திட்டினோம், அந்தப் பெரியவரை மட்டும் திட்டவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. போன மாதம் பெங்களூருக்குப் போய்ப் பழைய டிஸ்க்காக இந்த டெல்டாவை 3,200 ரூபாய்க்கு வாங்கியதும் நான் செய்த முதல் வேலை உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததுதான்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஸ்னேக் ஈட்டரில் காதில் பேசும் மூவரை நினைத்துப் பாருங்கள். மேஜர் ஜீரோ கட்டளை இடுவார். பாரா-மெடிக் சேமிக்கும்போதெல்லாம் சினிமாக் கதை சொல்வாள், பிடித்த பாம்பைத் தின்னலாமா என்று விளக்குவாள். சிகின்ட், நாம் அட்டைப் பெட்டிக்குள் ஒளிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். மூவரும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர்களைப் போன்றவர்கள். 2008-இல் வந்த நான்காம் பாகத்தில்தான் தெரிகிறது, தொடர் முழுக்க உலகத்தை ஆட்டிவைக்கும் 'பேட்ரியாட்ஸ்' என்ற கும்பலின் வேர் இவர்கள்தான் என்று. அந்தச் சிகின்ட் வேறு யாருமல்ல, 1998 ஆட்டத்தில் ஆஸலாட்டின் சித்திரவதையில் இறந்துபோகும், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவின் தலைவர் டொனால்ட் ஆண்டர்சன். நாம் சிறையில் சந்தித்துப் பேசியதோ அவருடைய வேடத்தில் இருந்த டெக்காய் ஆக்டோபஸ் என்ற வில்லன். உதவிப் பாத்திரம் என்று நாம் அலட்சியமாகக் கேட்ட குரல்களுக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தன.

ஆஸலாட்டையும் சொல்லாமல் விட்டுவிட்டேனே! இளைஞனாக வரும் அவன், பார்ப்பவர்கள் வியக்க வேண்டும் என்று கைத்துப்பாக்கியை வீணாக இழுத்துக் குண்டைச் சிக்கவைத்துக்கொள்வான். உனக்கு ரிவால்வர்தான் பொருந்தும் என்று ஸ்னேக் ஈட்டரின் நாயகன் ஸ்னேக்கே அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். 1998 ஆட்டத்தில் 'ரிவால்வர் ஆஸலாட்' என்ற பெயரோடு இன்னொரு ஸ்னேக்கைக் கட்டிலில் கட்டி மின்சாரம் பாய்ச்சுபவனை உருவாக்கியது நம் நாயகனின் அறிவுரை. ஸ்னேக் ஈட்டரில் அவனைக் கொன்றாலோ, வரலாறு குலைந்துவிட்டது என்று கத்தி ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி விடுதியில், நண்பனின் பிளேஸ்டேஷன் 2-இல், நானும் ஒருமுறை தேதியைத் தள்ளினேன். மறுநாள் தேர்வு, பொறுமை இல்லை. காட்டுக்குள் போனேன், கிழவர் சாய்ந்து கிடந்தார், சண்டை இல்லை, ஓடிப்பிடிப்பது இல்லை, ஒலிவாங்கியில் இலைச் சத்தம் மட்டும்தான். மாந்தோப்புத் தாத்தா இறந்த செய்தி எனக்கு அதே பருவத்தில்தான் வந்தது. தேர்வு என்று சொல்லி நான் ஊருக்குப் போகவில்லை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது என் கிறுக்கு என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். எதிரே நின்று பொய் சொல்லாத ஓர் ஆளை, அவருக்குத் தெரியாத ஒரு கடிகாரத்தைத் திருகிக் கொல்வது, அந்த மில்லர் செய்த வேலையைப் போன்றது. அதை நான் இரண்டாம் முறை செய்ய மாட்டேன்.

மோசின் நாகாண்ட் கிடைத்ததற்குச் சான்று காட்டச் சொன்னவர்களுக்கு ஒரு செய்தி. மலைக்கு ஏறும் வழியில் முதல் காவலாளியைக் கிழவரின் துப்பாக்கியால்தான் உறங்கவைத்தேன். வெகு தூரம், ஒரே குண்டு, அவன் பாறையில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கினான். அதைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன்.